பங்களா வளவின் எட்டுப் பாத்தி

"மம்பட்டியக் கீழ வையி. வைக்கிறியா இல்லையா?"

"நீ மொதல்ல பாத்திய விட்டு எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன். வெட்டுறதா இருந்தா என்னையும் சேத்து வெட்டு. தனியாக் குழி தோண்டுற வேல மிச்சம்."

"ஒன்ன வெட்ட மம்பட்டி பத்தாதுடி. அலவாங்கு கொண்டாரணும்."

எல்கடுவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவைச் சுற்றியிருந்த வளவுக்குள், பூவும் பிஞ்சுமாக நின்ற போஞ்சிப் பாத்தியின் நடுவில் வேலம்மா சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் புருசன் அழகையா, நொண்டிக் காலை ஒரு கல்லில் ஊன்றிக்கொண்டு, மம்பட்டியை ஓங்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றான். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மலைக்குப் போகும் பாதை வளவு வேலியை ஒட்டித்தான் வளைகிறது. அன்றைக்கு அந்த வளைவுக்கு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கூடைக் கயிறு அவிழ்ந்துபோயிற்று. ஒவ்வொருத்தியும் நின்று நிதானமாகக் கட்டிக்கொண்டாள். எல்லாரையும்விட அதிக நேரம் நின்று கட்டியவள் காத்தாயி. அவள் புல்வெட்டுக்காரி; அவளிடம் கூடையே கிடையாது.

"என்னக்கா, பாத்திக்கு நீயே உரமா உக்காந்துட்டியா?" என்றாள் காத்தாயி.

"போடி, ஒன் வேலையப் பாத்துக்கிட்டு. இங்க என்ன மாத்தளைத் தேரா ஓடுது, வேடிக்க பாக்க?"

"தேருக்குக்கூட இம்புட்டுச் சத்தம் இல்லியேக்கா."

சங்கதி இதுதான். தோட்டம் அரசாங்கத்துக்குப் போன மறு வருசம் புதுத் துரை வந்தார். கூடவே துரைசானியும் வந்தாள். வந்த மூன்றாம் நாள், சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு படம் அவள் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரர் காலத்துப் படம். பங்களா முன்னால் பாய் விரித்தாற்போலப் புல், புல்லின் மேல் பிரம்பு நாற்காலி, நாற்காலியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரிகள் தேத்தண்ணி குடிக்கிறார்கள். துரைசானி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அங்கே லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி என்று காய்கறிப் பாத்திகள். கீழ் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மரவள்ளி. அன்றைக்குப் பகல் அவள் சாப்பிடவே இல்லை என்று பங்களாச் சமையல்காரன் சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் மறுநாள் உத்தரவு வந்தது மெய். நாற்பது நாளைக்குள் எட்டுப் பாத்தியும் மட்டமாகிப் படத்தில் உள்ளபடி புல் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அழகையா மலைக்கு.

மலைக்கு என்பது அழகையாவுக்கு லேசான வார்த்தை அல்ல. ஸ்டோர் என்ற தேயிலை ஆலையில் வேலை செய்த காலத்தில் இலை அரைக்கும் ரோதைக்கு அடியில் அவனுடைய இடது கால் போய்த் திரும்பி வந்தது. பாதிதான் திரும்பி வந்தது என்று சொல்லவேண்டும். அதன் பிறகு மட்டமான தரையில் மட்டும் அவனுக்கு நடை. அந்தத் தோட்டத்தில் மட்டமான தரை என்று இருந்தவை இரண்டே இடம்: கோயில் திடல், பங்களா வளவு. கோயில் திடலில் நின்றால் நாள் கூலிக்குப் பேர் போடமாட்டார்கள். வளவு வேலை போனால் செங்குத்து மலை, கவ்வாத்துக் கத்தி, மழைத்தண்ணி வடியும் மழைக்கான். அந்தக் காலோடு அவன் ஒரு மாதம் தாங்கமாட்டான் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

வேலம்மாவுக்கும் தெரியும். இருந்தும் பாத்தியை விட்டு எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

மூன்று வருசத்துக்கு முன்னால், கூப்பன் அரிசி குறைந்து, மாவு கண்ணிலேயே படாமல் போன பஞ்சத்தில், வெறுந்தரை வைத்திருக்கக்கூடாது, எல்லாரும் பயிர் செய்யவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. பழைய துரைதான் அந்தப் புல்தரையைக் கொத்தி எட்டுப் பாத்தி போட வைத்தார். கொத்தியது அழகையா, மண் அள்ளி, சாணி சுமந்து, விதை தூவி, பூச்சி பொறுக்கியது மலைவேலை முடிந்து வந்த வேலம்மா. மூன்றில் ஒரு பங்கு உனக்கு என்று துரை வாயால் சொன்னார். லயமே வேலிக் கீரையை அவித்துத் தின்றுகொண்டிருந்தபோது, வேலம்மா குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் மரவள்ளி அவியும் மணம் வந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவித்தாள். மணத்துக்குக் கதவு தெரியுமா?

ஒரு மத்தியானம் காத்தாயி வளவு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். ரெண்டு கிழங்கு கேட்டாள். "தொரை எண்ணி வச்சிருக்காருடி" என்றாள் வேலம்மா. அந்த மாதமே காத்தாயியின் கடைசிப் பெண், நாலு வயசு, போய்விட்டது. காய்ச்சல் என்று எழுதினார்கள். இருக்கலாம். ரெண்டு கிழங்கு காய்ச்சலுக்கு மருந்தாகுமா என்று கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? ஆனால் லயத்துக்குப் பதில் தேவைப்படவில்லை. தண்ணீர் விழும் பீலியில் வேலம்மா குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தன. வேலம்மாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் பிடித்தாள். அவளைக் கேட்டால், அப்படி ஒரு மத்தியானம் நடக்கவே இல்லை.

அன்று காலைச் சண்டை எப்படி முடிந்தது என்றால், கணக்கப்பிள்ளை வந்து, "ஏம்மா, நீ இன்னிக்கு மலைக்கு வர்றியா, இல்ல போஞ்சியோட காய்க்கப் போறியா?" என்று கேட்டதில் முடிந்தது. ராத்திரி ரொட்டி தட்டும்போது மிச்சத்தைப் பேசிக்கொண்டார்கள்.

"மூணு வருசம் எஞ் சோறு அதுல வெளைஞ்சுது," என்றாள் வேலம்மா.

"என் வேலையும் அதுலதான் இருக்கு."

"அவளுக்குப் புல்லு வேணுமாம். மாடா அவ, மேயுறதுக்கு?"

"மெதுவாப் பேசு. சமையக்காரன் காது நீளம்."

"நீளமா இருக்கட்டும். அதையும் புடிச்சு இழுக்குறேன்."

கல்லில் ரொட்டி கருகியது. சம்பலுக்கு இடித்த கொச்சிக்காய் நெடியில் மூன்று பேரும் இருமினார்கள். மூன்றாவது ஆள் மகள் கமலாட்சி, பத்தொன்பது வயசு, அப்பன் பக்கமும் சேராமல் ஆத்தா பக்கமும் சேராமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நாப்பதுல ரெண்டு நாளு போயிருச்சு," என்றான் அழகையா. "நான் குனிஞ்சா நிமிர முடியாது. புல்லு நடுறதுன்னா நாளெல்லாம் குனியணும். நீ வர்றியா, இல்ல நான் இப்பவே மலைக்குப் பேரு குடுத்துரவா?"

வேலம்மா கருகிய ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "மொதல்ல காய எடுத்துட்டுத்தான் மம்பட்டி போடணும். வேரோட கொத்திப் போட்ட, கைய ஒடிச்சிருவேன்."

அவ்வளவுதான் அவளுடைய சம்மதம்.

மறுநாளே பிஞ்சுப் போஞ்சியையும் விரல் தண்டிக் கரட்டையும் பிடுங்கினாள். பங்களாப் பங்கு போக அவளுக்கு இரண்டு சாக்கு வந்தது. மூன்று பேர் தின்று தீராது. சந்தைக்குக் கொண்டுபோகும் பருவமும் இல்லை. வேலம்மா என்ன நினைத்தாளோ, சாக்கைத் தூக்கிவந்து லயத்து முற்றத்தில் கொட்டினாள். "வேணுங்குறவங்க எடுத்துக்கங்க" என்று பொதுவாக, கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஒருத்தியும் குனியவில்லை. காத்தாயி மட்டும் வாசற்படியில் நின்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "பஞ்சம் முடிஞ்சிருச்சுக்கா. இப்பத்தான் மாவு கெடைக்குதே."

பொழுதுசாய கங்காணி வீட்டு ஆடுகள் வந்து அந்தக் கரட்டைத் தின்றன. ஆடுகளுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

பிறகு வேலை தொடங்கிற்று. பாத்தி போடுவது சுலபம். போட்ட பாத்தியை இல்லையென்று ஆக்குவதுதான் கஷ்டம் என்பதை அழகையா அப்போதுதான் கண்டான். மேட்டைக் கொத்திப் பள்ளத்தில் தள்ளினால், ஒரு மழைக்குப் பழைய வாய்க்கால் முதுகெலும்புபோல மறுபடி தெரியும். மறுபடி மண் போடவேண்டும், திமிசு கொண்டு இடிக்கவேண்டும். மரவள்ளி வேர் ஒரு முழம் ஆழத்தில் ஒளிந்திருந்து, மட்டமாக்கிய இடத்தில் மூன்றாம் நாள் சிவப்புக் குருத்து நீட்டியது. "ஒன்ன மாதிரியே பிடிவாதம்" என்று வேலம்மாவிடம் சொல்லிக்கொண்டே அதை அலவாங்கால் கெல்லி எடுத்தான். கூழாங்கல் பொறுக்கினார்கள். வளவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கயிறு கட்டி, கயிற்றுக்கு அடியில் கண்ணை வைத்து மட்டம் பார்த்தார்கள். ஐப்பசி மழை மத்தியானத்துக்கு மேல் தவறாமல் வந்து, காலையில் செய்ததில் கால்வாசியைக் கழுவிக்கொண்டு போனது. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் வைதபடியே மண் சுமந்தார்கள்.

புல்லுக்கு அருகைத்தான் நடவேண்டும் என்று துரை சொன்னார். தேயிலை மலையில் அருகு என்பது புல் அல்ல, பகையாளி. ஒரு கணு மண்ணுக்குள் கிடந்தால் போதும். பத்து நாளில் ஒரு தேயிலைச் செடியைச் சுற்றிக்கொள்ளும். புல்வெட்டைக் கொந்தரப்பாக, ஒப்பந்தம் பேசி எடுத்தவர்களின் மலையில் வேரோடு ஒரு அருகு அகப்பட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, வெட்டு. அப்படிப்பட்ட அருகைத் தேடி வேலம்மா கோயில் திடலுக்குக் கூடை எடுத்துக்கொண்டு போனாள். அதைக் கணுக் கணுவாகக் கிள்ளி, சாணித் தண்ணியில் தோய்த்து, நாலு விரல் இடைவெளி விட்டு விரலாலேயே மண்ணுக்குள் செருகினாள். முதல் நாள் அவள் கை தடுமாறியது. இருபத்தைந்து வருசம் மலையில் நின்றவள்; புல்லைக் கண்டால் பிடுங்கத்தான் விரல் போகும். நட்ட கணுவைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகு தேடி எடுத்து மறுபடி நட்டாள். "தலையெழுத்தப் பாரு" என்று சொல்லிக்கொண்டாள். யார் தலையெழுத்து என்று சொல்லவில்லை.

முப்பதாம் நாள் அருகு ஓடிப் பிடித்துவிட்டது. மண் தெரிந்த இடம் குறைந்து, பச்சை கூடிக்கொண்டே வந்தது. துரைசானி விறாந்தையில் வந்து நின்று கைதட்டினாள். துரை அழகையாவின் தோளில் தட்டினார். அவன் அன்றைக்கு லயத்துக்கு வரும்போது நொண்டுகிறானா ஆடுகிறானா என்று தெரியவில்லை. வேலம்மாகூட வளவைத் திரும்பிப் பார்த்து, "கண்ணுக்கு லெச்சணமாத்தான் இருக்கு" என்றாள். முப்பது நாளில் அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முப்பத்திரண்டாம் நாள் அழகையாவின் காலைக் காட்ட இருவரும் முதல் பஸ்ஸில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். துரை கூட்டம் என்று கொழும்புக்குப் போயிருந்தார். துரைசானி கூடவே போயிருந்தாள். கணக்கப்பிள்ளை, மாதா மாதம் எழுதுவதுபோலவே எழுதி, துரை போகுமுன் கையெழுத்து வாங்கி வைத்திருந்த புல்வெட்டுக் கொந்தரப்புத் துண்டை அன்று காலை காத்தாயி கையில் கொடுத்திருந்தார்.

பின்னேர பஸ்ஸில் இறங்கி வளைவுக்கு வந்த வேலம்மா நின்றுவிட்டாள்.

வளவு வெறும் மண்ணாகக் கிடந்தது. மண் என்றால் அப்படி ஒரு சுத்தமான மண். சுரண்டியால் மூலை முடுக்கு விடாமல் சுரண்டி, வேரை உதறி, வேர் வெயிலைப் பார்க்கத் தலைகீழாகக் குவித்து, ஏழு குவியல். நல்ல புல்வெட்டுக்காரி வெட்டிய மலை இப்படித்தான் இருக்கும். வளவு ஓரத்து ரோசாச் செடியில் ஓர் இலைகூட உதிர்ந்திருக்கவில்லை.

"காத்தாயீ!"

அந்தக் கூச்சல் மேல் லயம், கீழ் லயம் இரண்டுக்கும் கேட்டது. கேட்காதவர்களுக்குக் கேட்டவர்கள் ஓடிப்போய்ச் சொன்னார்கள்.

"ஏன் கத்துற? இந்தா நிக்கிறேன்ல," என்று காத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒங் கை வெளங்குமாடி? முப்பது நாளு! முதுகு ஒடிய நட்டேன்டி, பாதகி!"

"கொந்தரப்புல இருந்துச்சு, வெட்டுனேன். நீ நட்டதுன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு?"

"ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு அருகு தெரியும்க்கா. அருகு எங்க நின்னாலும் அருகுதான்."

வேலம்மா அவள் கொண்டையைப் பிடித்தாள். அவள் வேலம்மாவின் ரவிக்கையைப் பிடித்தாள். பிரித்துவிட வந்தவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தார்கள்.

மறுநாள் துரை வந்தார். வளவின் நடுவில் நின்றார். காத்தாயியையும் அவளுடைய செட்டுப் பெண்களையும் ஒரு பக்கம், வேலம்மாவையும் அழகையாவையும் மறுபக்கம் நிறுத்தினார்கள். வேலிக்கு வெளியே மறுபடியும் எல்லாருக்கும் கூடைக் கயிறு அவிழ்ந்திருந்தது.

"யார் சொல்லி வெட்டினது?" என்று கேட்டார் துரை.

"துண்டுல இருக்குதுங்க தொரை," என்றாள் காத்தாயி.

கணக்கப்பிள்ளை துண்டை வாசித்தார்: பத்தாம் நம்பர் மலையும் பங்களா வளவும், வேரோடு ஒரு புல் நிற்கக்கூடாது, நின்றால் அரைப் பேர். பாத்தி இருந்த காலத்தில் பாத்திக்கு நடுவில் முளைத்ததை வெட்டுவதற்காக எழுதிய வாசகம். அதையே இந்த மாதமும் எழுதிவிட்டார். துண்டின் அடியில் துரையின் கையெழுத்து. துரை அந்தக் கையெழுத்தை, வேறு யாரோ போட்டதுபோல, வெகுநேரம் பார்த்தார். செட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"நான் பைத்தியம் இல்லை," என்றார் துரை, வேலம்மா பக்கம் திரும்பி. "இந்தக் காத்தாயிக்கும் உங்களுக்கும் சண்டை இருக்கிறதா? வஞ்சத்தில் செய்ததென்றால் இவள் கொந்தரப்பை இன்றைக்கே நிறுத்துறேன். அழகையாவுக்கு இன்னும் நாற்பது நாள் தர்றேன். தெரியாமல் செய்ததென்றால் தப்பு அழகையா மேலே. ஏன் வேலி போடலை? ஏன் இவளிடம் சொல்லலை? அப்போ அவன் மலைக்குப் போகணும்."

அழகையா முழங்கையால் பெண்சாதியை இடித்தான். "சொல்லு. அவளுக்கு ஒம்மேல வஞ்சம்னு சொல்லு."

"என்னா வஞ்சம்? எதனால?" என்றார் துரை.

வேலம்மா வாயைத் திறந்தாள்.

"சொல்லுக்கா," என்றாள் காத்தாயி. இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "எதுக்கு எனக்கு ஒம்மேல வஞ்சம்? தொரை கேக்குறாருல்ல. நீயே ஒன் வாயால சொல்லு. நானும் கேட்டுக்குறேன்."

முந்தானைகள் வாயிலிருந்து இறங்கின. வேலிக்கு வெளியே கயிறு கட்டியவர்கள் கையை அப்படியே நிறுத்தினார்கள். வேலம்மா ஏழு குவியலையும் பார்த்தாள். காத்தாயியின் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"வஞ்சம் ஒண்ணும் இல்லீங்க தொரை. புல்வெட்டுக்காரி கை. புல்லக் கண்டா வெட்டிரும்."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்துத் தலையை அசைத்தார். அழகையாவின் பேர் மலைக்கு மாறிற்று.

அன்றைக்குக் காம்பராவில் நடந்த பேச்சு மூன்று காம்பராவுக்குக் கேட்டது. லயத்துச் சுவர் அப்படி, கூரைக்கு முட்டாது.

"வாயில கொழுக்கட்டையாடி வச்சிருந்த? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்றதுக்கு!"

"நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்லுவா."

"சொல்லட்டுமே. லயமே அறிஞ்ச சங்கதிதான?"

"அறிஞ்சா அறிஞ்சுட்டுப் போவுது. எம் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்ல இன்னி வரைக்கும் ஒருத்திக்கும் நான் எடம் குடுத்ததில்ல."

"அதுக்கு எங் காலக் குடுத்துட்டியா?"

பிறகு அவன் குரல் தணிந்து கேட்டது. பக்கத்துக் காம்பராக்காரிகள் சுவரில் காதை வைக்கவேண்டியிருந்தது.

"தொரை எண்ணி வச்சிருக்காருன்னியே, வேலம்மா. எண்ணியா வச்சிருந்தாரு?"

பதிலுக்கு ரொட்டிக்கல்லை அடுப்பில் வைக்கிற சத்தம்தான் வந்தது.

மலையில் அழகையா பதினோரு நாள் தாங்கினான். பன்னிரண்டாம் நாள் மழைக்கானில் சறுக்கி விழுந்து நல்ல காலையும் கெடுத்துக்கொண்டான். தைக்குள் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார்கள். கப்பலுக்குப் பேர் வரும்வரை வேலம்மா ஒற்றை ஆளாய்க் கொழுந்தெடுத்து மூன்று பேருக்கும் ரொட்டி தட்டினாள். புருசனோ அவளோடு ரொட்டி கேட்கிற அளவுக்குத்தான் பேசினான்.

கப்பல் நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மகள் கமலாட்சி ஒரு காலை பீலிக்குப் போனவள் திரும்பவில்லை. நாவுலையில் வெங்காயம் போடுகிற ஒருவனோடு சீவியம் நடத்துகிறாள் என்று மூன்றாம் நாள் சேதி வந்தது. ஆகவே மாத்தளை ஸ்டேசனில் இரண்டு பேர்தான் ரயிலேறினார்கள். பெட்டிக்கு இந்தப் பக்க ஜன்னலில் ஒருவர், அந்தப் பக்க ஜன்னலில் ஒருவர்.

பங்களாவுக்கு நாலந்தாப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபனைத் தோட்டக்காரனாகக் கொண்டுவந்தார்கள். அவன் லொறியில் புல்லைப் பாளம் பாளமாக இறக்கி ஐந்தே நாளில் பதித்துவிட்டான். பிரம்பு நாற்காலி வந்து சேருமுன் துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாயிற்று. துரைசானி படத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாலிபன் மறு வருசம் காத்தாயியின் மூத்த பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்கு முன்பே காத்தாயி, வேலம்மா இருந்த கோடிக் காம்பராவுக்குக் குடிமாறியிருந்தாள்.

அங்கேதான் ஒரு நாள் ஒரு கடிதமும் வந்தது. உறையின் மேல் கோத்தகிரி என்று இருந்ததைக் கணக்கப்பிள்ளை வாசித்தார். வேலம்மா அங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள் என்று ஏற்கனவே கேள்வி. யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறாள். விலாசத்தில் இருந்தது காத்தாயியின் பேர். உள்ளே இரண்டு பக்கம் இருந்தது என்று தடவிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். காத்தாயிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வாசித்துச் சொல்ல லயத்தில் ஏழு பேர் தயாராக இருந்தார்கள். அவள் ஒருத்தரிடமும் கொடுக்கவில்லை.